ஒரே எடைமேடை, வரிசையில் பத்து டிரெய்லர்: 'ஒரு நேரத்தில் ஒருவர்' என்பதை பிபிஎம்என் படத்தில் வரையும் முறை

மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை ஓட்டத்தைப் படமாக வரையச் சொன்னால், புதிதாக வருபவர்கள் கேட்டில் நுழைவதிலிருந்து கேட் பாஸ் வாங்கி வெளியேறுவது வரை நன்றாகவே வரைந்துவிடுகிறார்கள். இடறுவது ஒரே இடத்தில். யார்டில் எடைமேடை ஒன்று, ரீச் ஸ்டாக்கர் (கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி) ஒன்று. படத்தைப் பார்த்தாலோ வந்த டிரெய்லர் எல்லாமே ஒரே நேரத்தில் மேடையேறலாம் போலத் தெரியும்.

பிபிஎம்என் என்பது வேலை ஓட்டத்தைப் படமாக வரையும் குறியீட்டு முறை. அதன் 2.0 பதிப்பில் 'பூட்டு' என்று தனிக் குறியீடு கிடையாது, இருக்கிற குறியீடுகளைச் சேர்த்து நாமேதான் கட்ட வேண்டும். டாஸ்க், கேட்வே, பூல், மெசேஜ் ஆகியவை ஓரளவு தெரிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். கடைசி வரை ஒரே உதாரணம்: ஏற்றுமதிச் சரக்கோடு வரும் டிரெய்லர் எடை போட்டுவிட்டு எண்ணூர் அல்லது சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் 2016 ஜூலை 1 முதல் அமலான விதிப்படி, சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் சரக்கேற்றிய கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. உள்ளே வைத்த பொருள்களின் எடையைக் கூட்டிக் கணக்குக் கொடுக்கும் வழியும் அதே விதியில் உண்டு. நம் யார்டில் எல்லாமே மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. மவுஸைத் தொடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

எடைமேடை ஆபரேட்டர், கேட் கிளார்க், யார்டு சூப்பர்வைசர் மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். மூன்று பேரும் மூன்று பதில் சொல்வார்கள், அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் படத்தின் பாதிச் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

கேட்க வேண்டியது இதுதான். மேடை எந்த நொடியில் 'பிடிபட்டது', எந்த நொடியில் 'விடுபட்டது'? அடுத்தவரை யார் கூப்பிடுகிறார்கள்? வந்த வரிசைதானா, கப்பல் கட்-ஆஃப் (பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரம்) நெருங்கிய பெட்டிக்கு முன்னுரிமை உண்டா? மேடை மேல் நிற்கும்போதே டிரெய்லர் பழுதானால் யார் என்ன செய்கிறார்கள்?

முதல் கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். எடைச்சீட்டு அச்சானதும் மேடை காலி என்று கிளார்க் சொல்வார், டிரெய்லரின் கடைசிச் சக்கரம் இறங்கின பிறகுதான் காலி என்று ஆபரேட்டர் சொல்வார். ஆபரேட்டர் சொல்வதுதான் சரி. சீட்டு அச்சானதை விடுவிப்பு என்று வரைந்தால், டிரைவர் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டு மேடையிலேயே நிற்கும்போது உங்கள் சிஸ்டம் அடுத்த வண்டியை அனுப்பிவிடும்.

2. படம் ஒரு டிரெய்லரின் கதை என்பதை நினைவில் வையுங்கள்

நீங்கள் வரைவது ஒரு டிரெய்லரின் பயணம். பத்து டிரெய்லர் வந்தால் அதே படம் பத்து முறை, பத்து இன்ஸ்டன்ஸாக, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாமல் ஓடும். மூன்றாவது இன்ஸ்டன்ஸ் மேடையில் நிற்பது நான்காவதுக்குத் தெரியாது, தெரிவிக்கும்படி நீங்கள் வரைந்தால்தான் தெரியும்.

இதை விட்டுவிடுவதால் வரும் முதல் தவறு எக்ஸ்க்ளூசிவ் கேட்வே. பெயரிலேயே 'எக்ஸ்க்ளூசிவ்' இருப்பதால், எடை போடும் டாஸ்க்குக்கு முன்னால் ஒரு எக்ஸ் குறி போட்ட சாய்சதுரத்தை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்தக் கேட்வே செய்வது ஒன்றே ஒன்று: ஒரு இன்ஸ்டன்ஸுக்குள் வந்த டோக்கனை (வேலை இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் கற்பனைக் காயை) பல வழிகளில் ஒரு வழியில் மட்டும் அனுப்புவது. இன்னொரு இன்ஸ்டன்ஸின் டோக்கனைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். படத்தை அச்செடுத்து, வெவ்வேறு நிறத்தில் இரண்டு சட்டைப் பொத்தான்களை இரண்டு டிரெய்லராக வைத்து நகர்த்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் 'எடை போடு' பெட்டிக்குள் போக முடிந்தால், படத்தில் பூட்டு இல்லை.

3. பூட்டு மாதிரி தெரியும், ஆனால் பூட்டாத நான்கு விஷயங்கள்

லேன். 'எடைமேடை' என்று பெயர் எழுதிய லேனுக்குள் டாஸ்க்கை வைத்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடக்கும் என்று நினைப்பார்கள். லேன் வெறும் பிரிப்புக் கோடு. அதற்குள் எத்தனை டாஸ்க் வேண்டுமானாலும் சேர்ந்து ஓடலாம், விதிமுறை தடுப்பதில்லை.

ஆபரேட்டரின் டாஸ்க் பட்டியல். 'அவர் ஒரு ஆள்தானே, ஒரு வேலையைத்தானே எடுப்பார்?' ஒரு டாஸ்க்கை ஒருவர் எடுத்துக்கொண்டால் அதே டாஸ்க்கை இன்னொருவர் எடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒருவரே நான்கு டாஸ்க்கை எடுத்து வைத்துக்கொள்ள முடியும். அவசர நாளில் எடுத்தும் வைப்பார்.

டேட்டா ஸ்டோரில் ஒரு கொடி. 'மேடை காலியா' என்று ஒரு பதிவு, டிரெய்லர் வந்ததும் அதைப் படிக்கிறது, காலி என்றால் 'பிடித்தாச்சு' என்று மாற்றுகிறது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. படிப்பது ஒரு டாஸ்க், எழுதுவது அடுத்த டாஸ்க். அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு டிரெய்லரும் வந்து 'காலி' என்று படித்துவிடும், இருவரும் மகிழ்ச்சியாக மேடைக்குக் கிளம்புவார்கள். படித்து மாற்றுவது இரண்டும் பிரிக்க முடியாத ஒரே செயலாக டேட்டாபேஸில் நடந்தால் தப்பிக்கலாம், அப்படியானால் படத்திலும் அதை ஒரே டாஸ்க்காகத்தான் வரைய வேண்டும். இதில் இன்னொன்று: டேட்டா ஸ்டோருக்குப் பதில் டேட்டா ஆப்ஜெக்டைப் போட்டுவிடுவார்கள். டேட்டா ஆப்ஜெக்ட் அந்த இன்ஸ்டன்ஸோடு பிறந்து அதோடு முடிந்துவிடும், பக்கத்து டிரெய்லரால் அதைப் பார்க்கவே முடியாது.

சிக்னல். மேடை காலியானதும் ஒரு சிக்னல் அனுப்பு, காத்திருப்பவர் கிளம்பட்டும் என்று வரைவார்கள். சிக்னல் எல்லோருக்கும் பொதுவான கூவல். யார்டு ஒலிபெருக்கியில் 'மேடை ஃப்ரீ' என்று சொன்னால் ஐந்து வண்டியும் ஒன்றாக ஸ்டார்ட் ஆவது போல, காத்திருக்கும் ஐந்து இன்ஸ்டன்ஸும் விழித்துக்கொள்ளும். போதாததற்கு, சிக்னல் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு டிரெய்லர் 'மேடை பிஸி' என்று படித்துவிட்டுக் காத்திருக்கும் ஈவென்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சிக்னல் வந்து போய்விட்டால், அடுத்த சிக்னல் வரும் வரை மேடை காலியாகக் கிடக்கும், டிரெய்லரும் சும்மா நிற்கும்.

4. நிஜமாகவே பூட்டு வேண்டுமா என்று முடிவெடுங்கள்

சுவரில் ஒட்டி வைத்து மனிதர்கள் பார்க்கப் போகிற படம் என்றால், எடை போடும் டாஸ்க்குக்குப் பக்கத்தில் 'ஒரு நேரத்தில் ஒரு டிரெய்லர் மட்டும்' என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். ஆபரேட்டருக்கு அது ஏற்கெனவே தெரியும், அதற்காக இரண்டு பூலும் எட்டு அம்பும் வரைந்தால் முக்கியமான விஷயம் மறைந்துதான் போகும்.

எல்லா டிரெய்லரும் ஒரே கன்சைன்மென்ட்டைச் சேர்ந்தவை, ஒரே இன்ஸ்டன்ஸுக்குள் ஓடுகின்றன என்றாலும் பூட்டு வேண்டாம். எடை போடும் டாஸ்க்கில் மூன்று கிடைக்கோடு போட்டு வரிசை மல்டி-இன்ஸ்டன்ஸ் ஆக்கிவிடுங்கள், ஒன்று முடிந்துதான் அடுத்தது தொடங்கும். செங்குத்துக் கோடு மூன்று போட்டால் எல்லாம் ஒன்றாக ஓடும், அவசரத்தில் இதை மாற்றிப் போடுபவர்கள் நிறைய. இரண்டாவது கன்சைன்மென்ட் அதே நேரத்தில் வரும் வாய்ப்பு இருந்தால் இந்த வழி உடைந்துவிடும்.

எஞ்சினில் (படத்தை அப்படியே இயக்கும் மென்பொருளில்) ஓடப் போகிறது, பல இன்ஸ்டன்ஸ் ஒரே மேடைக்குப் போட்டியிடும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

5. மேடைக்குத் தனி பூல் கொடுங்கள்

டிரெய்லரின் கதைக்குள் மேடையை அடைக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு தொல்லையும். மேடைக்கு அதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது, டிரெய்லர்கள் வந்து போகும், அது அங்கேயேதான் நிற்கும். அதனால் அதற்கு ஒரு பூல், அதற்குள் முடிவில்லாமல் சுற்றும் ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ்.

உள்ளே வரைய வேண்டிய வரிசை: தொடக்கம், பிறகு சுற்று வந்து சேர்வதற்கான ஒரு எக்ஸ் கேட்வே (இங்கே அது வெறும் சேர்க்கை), 'கோரிக்கை வந்தது' என்று மெசேஜைப் பிடிக்கும் ஈவென்ட், 'அனுமதி கொடு' என்று மெசேஜ் அனுப்பும் ஈவென்ட், அதன் பிறகு ஈவென்ட் கேட்வே (எது முதலில் நடக்கிறதோ அந்தக் கிளையில் மட்டும் போகும்). அதிலிருந்து இரண்டு கிளை: ஒன்று 'விடுவிப்பு வந்தது' என்ற மெசேஜ், மற்றது டைமர். விடுவிப்பு வந்தால் நேராகச் சேர்க்கைக்குத் திரும்புங்கள். டைமர் கிளைக்கு 8-ஆம் பகுதியில் வருகிறேன்.

பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி கொடுத்த டோக்கன் விடுவிப்புக்காக நிற்கும் வரை, அடுத்த கோரிக்கையைப் பிடிக்கும் ஈவென்ட்டில் டோக்கனே இல்லை, அதனால் அடுத்தவருக்கு அனுமதி போகவே முடியாது. டோக்கன் ஒன்றுதான் என்பதே பூட்டு. இதனால்தான் இந்த பூலில் பேரலல் கேட்வே போட வேண்டாம் என்கிறேன். தெரியாமல் ஒரு பிளஸ் குறி விழுந்தால் டோக்கன் இரண்டாகும், மேடையும் காகிதத்தில் இரண்டாகிவிடும்.

இந்த இன்ஸ்டன்ஸை யார் தொடங்குவது என்பதையும் எழுதி வையுங்கள். கோரிக்கை மெசேஜையே தொடக்க ஈவென்ட்டாகப் போட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு மேடை பிறக்கும். புதியவர்கள் படத்தில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். மேடை இன்ஸ்டன்ஸ் சிஸ்டம் தொடங்கும்போது ஒரு முறை மட்டும் தொடங்க வேண்டும்.

6. மேடை பிஸியாக இருக்கும்போது வரும் கோரிக்கை எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எஞ்சினில் ஏற்றினால் முதல் நாளே தெரிந்துவிடும். பிடிக்க ஆள் இல்லாத மெசேஜை என்ன செய்வது என்பதை ஒவ்வொரு எஞ்சினும் தன் போக்கில் முடிவு செய்கிறது. காமுண்டா என்ற எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். காமுண்டா 7-இல் அந்த மெசேஜுக்காகக் காத்திருக்கும் இன்ஸ்டன்ஸ் இல்லையென்றால் பொருத்தமே தோல்வியடைந்து பிழை வரும். காமுண்டா 8-இல் மெசேஜுக்குக் கொடுத்த ஆயுள் முடியும் வரை சேமித்து வைக்கும், ஆயுள் போனால் மெசேஜும் போய்விடும்.

வரிசை முக்கியம் என்றால் எஞ்சினை நம்பாதீர்கள், வரிசையைப் படத்திலேயே காட்டுங்கள். மேடை பூலுக்குள் ஒரு ஈவென்ட் சப்-பிராசஸ் (குறிப்பிட்ட நிகழ்வு வந்தால் மட்டும் ஓடும் உள்பெட்டி) வையுங்கள், புள்ளிக்கோட்டுப் பெட்டி, கோரிக்கை மெசேஜில் தொடங்குவது, தொடக்க வட்டம் விட்டு விட்டு வரைந்த கோடாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் ஓடிக்கொண்டிருக்கும் முக்கிய வேலையை அது குறுக்கிடாது. முழுக்கோடு போட்டால் ஒவ்வொரு புதுக் கோரிக்கையும் மேடையில் நிற்பவரின் அனுமதியைக் கொன்றுவிடும். இந்தப் பெட்டியின் வேலை கோரிக்கையைப் பட்டியலில் சேர்ப்பது மட்டும். 5-இல் கோரிக்கையைப் பிடித்த ஈவென்ட் இருந்த இடத்தில், 'பட்டியலில் ஆள் இருக்கிறார்' என்ற கண்டிஷனல் ஈவென்ட்டும் 'அடுத்தவரைத் தேர்ந்தெடு' என்ற டாஸ்க்கும் வரும். கட்-ஆஃப் முன்னுரிமை இருந்தால் அந்த டாஸ்க்கில் அடங்கிவிடும்.

காமுண்டா 8-இல் இன்னொரு சுருக்கு வழி உண்டு. ஒரே கோரிலேஷன் கீயோடு (மெசேஜைச் சரியான இன்ஸ்டன்ஸோடு பொருத்தும் அடையாளம்) மெசேஜ் தொடக்க ஈவென்ட் வைத்தால், அந்தக் கீயில் ஒரு இன்ஸ்டன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் வரை அடுத்தது பிறக்காது, முந்தையது முடிந்ததும் சேமித்த மெசேஜில் அடுத்தது தொடங்கும். மேடை எண்ணையே கீயாக வைத்தால் பூட்டு தானாகக் கிடைக்கிறது. நான் இதைப் பயன்படுத்துவேன், ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது என்பதால் பக்கத்தில் குறிப்பு எழுதாமல் விட மாட்டேன்.

7. டிரெய்லர் பக்கம்: கேள், காத்திரு, பயன்படுத்து, விடு

டிரெய்லர் பூலில் கோரிக்கை மெசேஜை அனுப்பியதும் ஈவென்ட் கேட்வே வையுங்கள். ஒரு கிளை 'அனுமதி வந்தது', இன்னொரு கிளை 'இவ்வளவு நேரம் ஆகியும் வரவில்லை' என்ற டைமர். டைமர் கிளையில் போகும் டிரெய்லர் மேடைக்கு 'கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன்' என்று இன்னொரு மெசேஜ் அனுப்பியாக வேண்டும். அனுப்பாமல் போனால் கொஞ்ச நேரத்தில் அனுமதி அதன் பெயருக்கே வரும், வாங்க ஆள் இருக்காது, பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

மேடை ஏறுவது, எடை எடுப்பது, இறங்குவது இந்த மூன்றையும் ஒரு சப்-பிராசஸுக்குள் போடுங்கள். பூட்டு பிடித்திருக்கும் நேரம் எது என்பது ஒரே பார்வையில் தெரியும், பிழைகளைப் பிடிப்பதற்கான விளிம்பும் கிடைக்கிறது. பில் போடுவது, டீ குடிப்பது எல்லாம் வெளியே. பெட்டி எவ்வளவு சிறியதோ வரிசை அவ்வளவு வேகமாக நகரும்.

விடுவிப்பு மெசேஜ் பெட்டிக்கு வெளியே, அதன் எல்லா வாசல்களும் வந்து சேரும் இடத்துக்குப் பிறகு. சாதாரணமாக முடிந்த வழி, 'எடைக்கருவி கோளாறு' என்று பெட்டியின் விளிம்பில் ஒட்டிய எரர் பவுண்டரி ஈவென்ட், 'அதிக நேரம் ஆகிவிட்டது' என்ற டைமர் பவுண்டரி ஈவென்ட், மூன்றும் ஒரு எக்ஸ் கேட்வேயில் சேரட்டும், வண்டி மேடையை விட்டு இறங்கியது உறுதியான பிறகு ஒரே ஒரு 'விடுவி'. ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாக விடுவிப்பு வரைந்தால் ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒரு வழி சேர்ப்பவர் அதை மறந்துவிடுவார்.

டெர்மினேட் எண்டில் (மிச்சமுள்ள டோக்கன் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்கும் முடிவுக் குறியில்) கவனம். சப்-பிராசஸுக்குள் இருந்தால் அந்தப் பெட்டியை மட்டும் முடிக்கும், பரவாயில்லை. டிரெய்லர் பூலின் மேல்மட்டத்தில் ஒரு கிளையில் அதை வைத்து, இன்னொரு கிளை மேடையைப் பிடித்திருந்தால், விடுவிப்பு போகாமலே இன்ஸ்டன்ஸ் செத்துவிடும், மேடை பூட்டிக் கிடக்கும். அப்புறம், இரட்டைக் கோட்டு டிரான்சாக்‌ஷன் பெட்டியைப் பூட்டு என்று நினைத்துப் போடுபவர்களும் உண்டு. அது ரத்தானால் செய்ததைச் சரிக்கட்டுவதற்கான ஏற்பாடு, வேறு இன்ஸ்டன்ஸை அது தடுக்காது.

8. டைமர் அடித்தால் யாரை நம்புவது?

மேடை பூலின் டைமர் கிளைக்கு வருவோம். மென்பொருள் வளங்களில் வழக்கம் என்னவென்றால், நேரம் முடிந்ததும் பூட்டைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எடைமேடையில் அப்படிச் செய்ய முடியாது. டைமர் அடித்ததால் நாற்பது அடி டிரெய்லர் தானாக இறங்கிவிடாது.

அதனால் டைமர் கிளை நேராகச் சேர்க்கைக்குத் திரும்பக் கூடாது. 'மேடையைப் போய்ப் பார்' என்று ஆபரேட்டருக்கு ஒரு யூசர் டாஸ்க், அவர் காலி என்று உறுதி செய்தால்தான் அடுத்த சுற்று, இல்லையென்றால் மறுபடி ஈவென்ட் கேட்வேக்கு. வளம் வெறும் ஃபைல் அல்லது லைசன்ஸ் என்றால் மனிதர் தேவையில்லை, தானாகப் பறிக்கலாம்.

பறிக்கும் எந்த ஏற்பாட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. முதல் டிரெய்லரின் அனுமதி ரத்தாகி, இரண்டாவது மேடையேறிய பிறகு, முதலாமவரின் தாமதமான விடுவிப்பு மெசேஜ் வந்து சேரும். மேடை அதை இரண்டாமவரின் விடுவிப்பு என்று எடுத்துக்கொண்டால் மூன்றாமவருக்கு அனுமதி போய்விடும். ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு எண் கொடுங்கள், விடுவிப்பு மெசேஜ் அந்த எண்ணோடு வரட்டும், எண் பொருந்தாததை மேடை தள்ளிவிடட்டும். வண்டி எண் மட்டும் போதாது, ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டு முறை வரும்.

9. இரண்டாவது வளம் வந்ததும் முடிச்சு விழும்

எடை கூடுதலாக இருந்தால் பெட்டியை இறக்க ரீச் ஸ்டாக்கர் வேண்டும். ஒருவர் இப்படி வரைகிறார்: மேடையில் நின்றபடியே ஸ்டாக்கரைக் கேள். வேறு ஒருவர் இன்னொரு படத்தில்: ஸ்டாக்கரைப் பிடித்துப் பெட்டியை ஏற்று, ஸ்டாக்கரை விடாமலே மேடையைக் கேள், எடை சரியில்லை என்றால் உடனே இறக்கத்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயம். ஒன்றாக ஓடினால் முதல் வண்டி மேடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாக்கருக்கும், இரண்டாவது ஸ்டாக்கரைப் பிடித்துக்கொண்டு மேடைக்கும் காத்திருக்கும். யாரும் நகர மாட்டார்கள்.

இரண்டு மருந்து உண்டு. எல்லாப் படங்களிலும் ஒரே வரிசையில் கேட்பது, எப்போதும் மேடை முதலில், ஸ்டாக்கர் பிறகு என்று. அல்லது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருப்பதையே தவிர்ப்பது: எடை கூடிய டிரெய்லர் மேடையை விட்டு இறங்கி ஓரமாக நின்று, அங்கிருந்து ஸ்டாக்கரைக் கேட்கட்டும். யார்டில் இரண்டாவதுதான் நல்லது, ஏனென்றால் ஸ்டாக்கர் வரும் வரை மேடை சும்மா கிடக்காது.

இதை ஒரு படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்தெந்தப் படம் எந்தெந்த வளத்தை எந்த வரிசையில் கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், வரிசை தலைகீழாக உள்ள ஜோடி உடனே கண்ணில் படும்.

10. இரண்டு எடைமேடை இருந்தால்

இரண்டு மேடை இன்ஸ்டன்ஸை ஓட்டிவிட்டு யாரைக் கேட்பது என்று டிரெய்லரிடம் விடாதீர்கள், எல்லோரும் முதல் மேடைக்கே போவார்கள். ஒரே நிர்வாக பூல், அதில் 'காலியாக உள்ள மேடைகள்' என்று ஒரு பட்டியல், அனுமதி மெசேஜில் மேடை எண்ணும் சேர்ந்து வரட்டும். அனுமதி கொடுத்த பிறகு டோக்கன் விடுவிப்புக்காக நிற்கக் கூடாது என்பதால், விடுவிப்பையும் குறுக்கிடாத ஈவென்ட் சப்-பிராசஸில் பிடியுங்கள், நேரம் பார்க்கும் டைமரும் அங்கேயே மாற வேண்டும்.

11. பொத்தான்களோடு சோதனை

மறுபடி அச்செடுங்கள், இந்த முறை டிரெய்லர் படம் இரண்டு பிரதி, மேடை படம் ஒரு பிரதி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு ஒன்றை எண்ணிப் பாருங்கள்: மேடை பூலில் உள்ள டோக்கனும் பட்டியலில் சேர்க்கும் பெட்டியில் இருக்கும் டோக்கனும் தனித்தனி, முதலாவது எப்போதும் ஒன்றேதான். பூஜ்யமானால் மேடை செத்துவிட்டது, இரண்டானால் பூட்டு போய்விட்டது.

பிறகு இந்த நிலைமைகளை ஓட்டுங்கள். இரண்டு கோரிக்கை ஒரே நொடியில். அனுமதி வந்த அதே நொடியில் டிரெய்லரின் காத்திருப்பு டைமரும் அடிப்பது, அதாவது வாபஸ் மெசேஜ் போவதற்குள் அனுமதி கிளம்பிவிட்டது, அப்போது மேடை அந்த வாபஸை விடுவிப்பாக எடுத்துக்கொள்கிறதா? விடுவிப்பு இரண்டு முறை வருவது. கரண்ட் போய் எஞ்சின் திரும்ப எழும்போது மேடை மேல் வண்டி நிற்பது.

கடைசியாக ஷிப்ட் மாற்றம். டைமர் அடித்து 'மேடையைப் போய்ப் பார்' டாஸ்க்கைப் பகல் ஆபரேட்டர் எடுத்துக்கொண்டு, முடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் அது அவர் பெயரிலேயே தொங்கும், இரவு ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. அந்த டாஸ்க்கைத் தனி ஆளுக்குக் கொடுக்காமல் 'மேடை ஆபரேட்டர்' குழுவுக்குக் கொடுங்கள், அதன் விளிம்பில் ஒரு குறுக்கிடாத டைமர் வைத்து, நேரம் கடந்தால் சூப்பர்வைசருக்கு ஒரு தகவல் போகும்படி வரையுங்கள்.